அணில் தீனித் தட்டு எத்தனை நாள் தாங்கும்? – கேள்வி பதில்

பால்கனியிலும் மொட்டை மாடியிலும் அணிலுக்குத் தீனி வைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தாம்பரம் பக்கம் மரப்பட்டறை வைத்து அணில் பெட்டியும் குருவிக் கூடும் செய்து தரும் நம் உறுப்பினர்.

வேளச்சேரி வாசகி: தட்டை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? கடையில் ஐந்து வருஷம் உத்தரவாதம் என்கிறார்கள்.

பொருளையும் இடத்தையும் பார்க்காமல் வருஷக் கணக்கு சொல்ல முடியாதம்மா. எவர்சில்வர் தட்டு நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை கிடக்கும். தேக்குப் பெட்டியைச் சாரல் படாத இடத்தில் மாட்டினால் ஐந்தாறு வருஷம் ஓடும், வெட்டவெளியில் அதில் பாதி. பிளைவுட் பெட்டி ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டினாலே பெரிசு. அடுக்கு பிரிந்து உப்பிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு.

நான் பார்ப்பது இரண்டுதான். கழுவினால் சுத்தமாகிறதா? வெயிலில் வைத்தால் முழுசாகக் காய்கிறதா? இரண்டும் நடக்கிற வரைக்கும் கீறலோ கறையோ இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்று நின்றுபோனாலும் பெட்டியின் ஆயுள் முடிந்தது, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அந்த ஐந்து வருஷ உத்தரவாதம் கீலுக்கும் கொக்கிக்கும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் போவது அவைதான்.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மரப்பெட்டியின் விளிம்பை அணில் கொறித்தே பாதியாக்கிவிட்டது. தீனி போதவில்லையா?

அது பசி இல்லை சார். அணிலின் முன்பற்கள் நான்கும் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அளவில் நிற்கும். தீனி எடுக்கிற வாய் விளிம்பும் மூடியின் ஓரமும்தான் அதற்கு வாகான இடம்.

கொறித்த இடம் காய்ந்து, நிறம் வெளுத்து இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம். அந்த விளிம்பில் அலுமினியப் பட்டை அடித்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பட்டையின் முனை கூராக நிற்காமல் மடக்கி அடியுங்கள். ஸ்க்ரூ வெளியே தெரியும் அளவுக்குக் கொறித்திருந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நல்ல ஆசாரியாக இருந்தால் முழுப் பெட்டியை உங்கள் தலையில் கட்ட மாட்டார்.

பெயின்ட் அடித்த பெட்டியை முதலிலேயே வாங்காதீர்கள். கொறிக்கும்போது கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகும்.

நாகர்கோவிலிலிருந்து: நாங்கள் கொட்டாங்குச்சியில்தான் வைக்கிறோம். அதற்கும் ஆயுள் உண்டா?

நல்ல கொட்டாங்குச்சி லேசில் கெடாது. கெடுவது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் தேங்காய்த் துணுக்கும், அதைக் கட்டித் தொங்கவிட்ட கயிறும்.

புதுசு மாட்டும்போது கரண்டிக் காம்பால் உள்பக்கத்தை வழித்துச் சுரண்டிவிடுங்கள். கண் உள்ள பாதியை எடுத்து ஒரு கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் மழைத்தண்ணீர் தானாக வடிந்துவிடும். மயிரிழை விரிசல் விழுந்து அதில் எறும்பு வரிசை கட்டினால் அடுப்பில் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். காசா பணமா.

கயிறு விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. தேங்காய் நார்க் கயிற்றை அணில் சும்மா விடாது, அதுவும் கூடு கட்டும் சமயத்தில். பின்னங்காலால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். நாரை ஒவ்வொன்றாக உருவி, முன்னங்கைகளால் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு போகும். சில வாரத்தில் கயிறு நூலாகி, ஒரு காற்றில் தட்டு கீழே கிடக்கும். நைலான் கயிறு அதைவிட மோசம். வெயிலில் பிசிர் விட்டு, அந்தப் பிசிர் காலில் சுற்றிக்கொள்ளும். துருப்பிடிக்காத மெல்லிய சங்கிலிதான் சரி. கூட்டுக்கு வேண்டிய நாரைத் தனியாக ஒரு கொத்து கட்டிவிடுங்கள், அதுபாட்டுக்கு எடுத்துக்கொள்ளும்.

சேலம்: பிளாஸ்டிக் தட்டு வெளுத்துவிட்டது. உடையவில்லை. மாற்றணுமா?

மாற்றணும். விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேல்பரப்பு உதிர்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பல வருஷம் தாங்குவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் கரித்தூள், அது கதிரைத் தடுத்துவிடும். கலர் தட்டில் அது இருக்காது. ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி விரிசல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள், உடைவது அங்கிருந்துதான் தொடங்கும்.

கடலூரிலிருந்து ஒரு தம்பி: மழைக்காலத்தில் தட்டில் கிடக்கும் வேர்க்கடலை பூஞ்சை பிடிக்கிறது. கழுவி வறுத்துப் போடலாமா?

கூடவே கூடாது. வேர்க்கடலைப் பூஞ்சையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. கடலையைக் குப்பையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கவனியுங்கள்.

முதலில் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்து அழுக்கை எடுங்கள். அப்புறம் திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, அலசி, வெயிலில் காய வைக்கவும். பிளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிடைச் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு. எவர்சில்வரும் மண் தட்டும் இதில் தேறிவிடும். மரத்தில் கறுப்புப் புள்ளி இழையோடு உள்ளே இறங்கியிருந்தால் எத்தனை தேய்த்தாலும் போகாது, அடுத்த ஈரத்தில் திரும்ப வரும். அந்தப் பெட்டி வேண்டாம்.

பாதிப் பிரச்சினை தட்டில் இல்லை, தீனியின் அளவில். காலையில் ஒரு பிடி, உப்பு போடாத கடலை. மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். தட்டுக்கு அடியில் நாலு ஓட்டை இல்லையென்றால் இன்றைக்கே ட்ரில் போடுங்கள்.

மதுரை: மண் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே?

போர்த் தண்ணீர் உப்பு. தேங்காய் நார் வைத்துத் தேய்த்தால் போய்விடும். உடைகிற வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடலை எண்ணெய் ஊறி, கழுவின பிறகும் சிக்கு வாடை அடித்தால் அந்தத் தட்டுக்கு விடை கொடுங்கள்.

பெரம்பூர்: ராத்திரியில் எலி வந்து பெட்டியில் உட்காருகிறது. தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

உலோகமும் மண்ணும் என்றால் மேலே சொன்ன மாதிரி பிளீச்சில் கழுவினால் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். விரிசல் விட்ட மரப்பெட்டி என்றால் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். நம் ஊர் அணில் பகலில்தான் நடமாடும். பொழுது சாயும்போது தட்டைக் கவிழ்த்து உள்ளே எடுத்து வைத்தால் எலிக்கு வேலையில்லை, தட்டும் இரட்டிப்பு காலம் உழைக்கும்.

டொரன்டோவிலிருந்து ஒரு அக்கா: சீடார் மரப்பெட்டி, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் முகப்பு. மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. இங்கே வருவது கறுப்பு அணில்.

அக்கா, அங்கே கறுப்பாக வருவதும் சாம்பல் அணில் இனம்தான், நிறம் மட்டும் வேறு. எடை அரைக் கிலோ. நம்ம ஊர் அணில் நூறு கிராம் சொச்சம். அதனால் அங்கே தேய்மானமும் வேறு மாதிரி, மூடியைத் தூக்கித் தூக்கியே கீல் தளர்ந்துவிடும்.

சாம்பல் நிறம் வெயில் பட்ட மேல்தோல்தான், கவலை வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அடிப்பலகையையும் மூலை இணைப்பையும் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பெட்டி இருக்கட்டும். பொதபொதவென்று இறங்கினால் உளுத்துவிட்டது. முகப்பு விரிசல் விட்டால் உடனே கழற்றிவிடுங்கள், உடைந்த முனை வாயைக் கிழிக்கும். இந்தச் சோதனையைப் பனி தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், விரிசலில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் பலகையைப் பிளந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: மலையடிவாரத் தோப்பில் சாம்பல் நிற மலை அணில் வருகிறது. அதற்கு எந்தத் தட்டு தாங்கும்?

எந்தத் தட்டும் வேண்டாம். 1988-ல் அந்த அணிலுக்காகவே சரணாலயம் அறிவித்த ஊர் உங்களுடையது. மரத்துக்கு மரம் கிளை வழியாகத் தாவிப் பிழைக்கும் ஜீவன் அது. தட்டுக்காகத் தரைக்கு இறங்கப் பழகினால் நாய்க்கு இரையாகும். தோப்பில் புளியையும் மாவையும் வெட்டாமல் விட்டாலே போதும்.

அம்பத்தூர்: பழைய பெட்டியை மாற்றினேன், ஒரு வாரமாக அணில் கிட்டவே வரவில்லை.

புது வாசனை, புது நிழல், அதற்குச் சந்தேகம். பழையது பத்திரமாக நிற்கிற நிலையில் இருந்தால் அதையும் பக்கத்திலேயே மாட்டுங்கள். பழையதில் தீனியைக் குறைத்துக்கொண்டே வந்து புதியதில் கூட்டுங்கள். பழைய பெட்டி பூஞ்சை பிடித்தது என்றால் அந்த வேலை வேண்டாம். அதே இடத்தில், அதே உயரத்தில் புதியதை மாட்டிவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, பார்வையில் படும்படி நாலு கடலையை விளிம்பில் வையுங்கள். புது மர வாடை இன்னும் அடிக்கிறது என்றால் கழற்றி ஒரு வாரம் வெயில் காட்டிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.