டீச்சர் பட்டியலில் எத்தனையாவது?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மதுரைப் பக்கத்துக்காரன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது, நகரத்தை ஒட்டிய ஃபீனிக்ஸில் குடியிருக்கிறோம். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கும் போன வருடம் குடியுரிமை கிடைத்தது. என் மகளுக்குக் கணக்கு எடுக்கும் டீச்சரிடம், 2029 மாகாணத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சி இப்போதே பேசியிருக்கிறது. இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ளவர். "பிள்ளைகளை விட்டுவிட்டு அந்தம்மா ஏன் அந்தச் சாக்கடையில் கால் வைக்கணும்?" என்கிறார் என் மாமியார். அவர் போகாவிட்டால் வேறு யார் போவது என்கிறாள் மனைவி. அவருக்கு எந்தத் தொகுதி என்று நான் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கோவில் தமிழ் வகுப்பில் அவரை ஒருநாள் பேசவைக்கலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகன், ஃபீனிக்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

தொகுதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் 234 தொகுதி, தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. என்று பார்த்து வளர்ந்தவர் நீங்கள். நம் குவாசுலு நட்டால் மாகாணச் சட்டமன்றத்தில் 80 இடங்கள், தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. மாகாணம் முழுவதும் ஒரே களம். நாம் கட்சிக்கு வாக்களிக்கிறோம். கட்சிக்குக் கிடைத்த விகிதத்துக்கு ஏற்ப, அது கொடுத்த பட்டியலில் மேலிருந்து வரிசையாக ஆட்கள் உள்ளே போவார்கள். 2024ல் சுயேச்சைகளும் முதன்முறையாக நிற்க வழி வந்தது, நாட்டில் எங்கும் ஒருவரும் ஜெயிக்கவில்லை.

ஆகவே டீச்சரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, பட்டியலில் அவர் எத்தனையாவது என்பதுதான். 2024ல் இங்கே எம்.கே. கட்சிக்கு 37, ஐ.எஃப்.பி.க்கு 15, ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 14, டி.ஏ.வுக்கு 11 இடம் கிடைத்தது. பதினைந்து இடம் பிடிக்கும் கட்சியில் நாற்பதாவது பெயராக ஒரு ஆசிரியையைப் போட்டால், அவர் சட்டமன்றம் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகப் போவதில்லை. அவர் படம் மட்டும் நம் தெரு விளக்குக் கம்பங்களில் தொங்கும். இருபத்திரண்டு வருடமாக நம் பிள்ளைகளிடம் அவர் சம்பாதித்த நம்பிக்கையை வேறு யாரோ அறுவடை செய்வார்கள். இது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. வாத்தியார் முகத்தைக் காட்டினால் இந்திய வீடுகளின் ஓட்டு விழும் என்று கட்சிகளுக்கு நன்றாகவே தெரியும். தேர்தலுக்கு முன் பட்டியல்கள் பொதுமக்கள் பார்வைக்கு வரும். போய்ப் பாருங்கள்.

முதல் ஐந்துக்குள் அவர் பெயர் இருந்தால் நான் உங்கள் மனைவி பக்கம். காரணம் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி நூற்றுக்கணக்கான பள்ளிகள் சேதமாயின. நான் அப்போது ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். மழை விட்ட பிறகு போனால் அலுவலக அறையில் கணுக்கால் அளவு சேறு. ஒரு ஆசிரியை மாடி வராந்தாவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நனைந்த மாணவர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையிடையே செய்தித்தாள் வைத்துக்கொண்டிருந்தார். மை கரைந்த பெயர்களை நினைவிலிருந்தே பென்சிலில் எழுதினார். எந்தப் பிள்ளை எந்த ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிறது, யார் வீட்டில் இனி சீருடை இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு பட்டியல் தயார்: பெயர், ஷூ அளவு, சட்டை அளவு. பண உதவி எங்கிருந்து வரவேண்டும், எந்தப் படிவத்தில் கேட்கவேண்டும் என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

அப்படிப்பட்ட ஒருவர் மாகாணத்தின் கல்விக்குழுவில் உட்கார்ந்து, வரவுசெலவுத் தாளை வரி வரியாகப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. பாடத்திட்டமும் பெரிய சட்டங்களும் தேசிய அளவில் முடிவாகின்றன. ஆனால் பள்ளிகளை நடத்துவது, ஆசிரியர் சம்பளம், கட்டடம் எல்லாம் மாகாணத்தின் கையில். இந்த நாட்டிலேயே அதிகப் பள்ளிகள் உள்ள மாகாணம் நம்முடையது. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் போதுமா? ஒரு பள்ளிக்குத் தமிழ் டீச்சர் வேண்டுமானால் ஒரு பணியிடம் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும்.

ஒரே ஒரு ஆள் போய் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள். 2024ல் இங்கே அமைந்த கூட்டணியின் பலம் 80ல் 41. அந்த 41வது இடம் என்.எஃப்.பி. என்ற சிறு கட்சியின் ஒற்றை உறுப்பினர்.

ஆனால் கட்சியை விட்டால் பதவியும் போய்விடும். பள்ளி விஷயத்தில் கட்சி ஒரு பக்கமும் மனசாட்சி இன்னொரு பக்கமும் நின்றால் என்ன செய்வார் என்று டீச்சரையே கேளுங்கள். நட்டாலில் இதற்குப் பதில் சொன்ன ஒரு ஆசிரியர் இருந்தார். ஆடம்ஸ் கல்லூரியில் பாடம் நடத்திய ஆல்பர்ட் லுத்துலி, பின்னாளில் குரூட்வில் மக்களின் குலத் தலைவரானார். 1952ல் அரசாங்கம் குலத் தலைவர் பதவியா, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸா என்று கேட்டபோது காங்கிரஸை விட மறுத்தார். பதவியைப் பறித்தார்கள். உங்கள் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இனாண்டாவில் இருக்கும் ஒலாங்கே பள்ளி ஜான் டூபே என்ற ஆசிரியர் நிறுவியது. 1912ல் அதே காங்கிரஸின் முதல் தலைவர் அவர்தான். மண்டேலா 1994ல் தன் முதல் வாக்கைப் போட அந்தப் பள்ளியைத்தான் தேர்ந்தெடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

அதற்காக மாமியார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வேட்பாளராகலாம், வேலையில் இருந்துகொண்டே உறுப்பினராக முடியாது. பதவியேற்றால் பள்ளியை விட்டே ஆகவேண்டும். போன தடவை மே 29ல் வாக்குப்பதிவு, ஜூன் மத்தியில் பதவியேற்பு. மெட்ரிக் தேர்வு அக்டோபர் கடைசியில். அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி வருடத்தில் கணக்கு டீச்சரை இழப்பார்கள். நல்ல கணக்கு டீச்சர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றோராக உங்களுக்கே தெரியும். ஆகவே இதையும் கேளுங்கள்: 2029ல் பன்னிரண்டாம் வகுப்பை ஆரம்பத்திலேயே வேறு ஒருவரிடம் ஒப்படைப்பாரா? அந்த இன்னொருவரை இப்போதிருந்தே தயார் செய்கிறாரா? இதற்கு யோசிக்காமல் பதில் சொல்கிறவர் என்றால், இதைப் பற்றி முன்பே யோசித்தவர் என்று அர்த்தம்.

கடைசியாக, தமிழ் வகுப்பு. வேண்டாம். பள்ளி நேரத்தில் பள்ளிக்குள் கட்சி நடவடிக்கை கூடாது என்று சட்டமே இருக்கிறது. கோவில் வகுப்புக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்ற கணக்குக்கே நான் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளை 'அ' எழுதும் இடத்தில் யாருடைய சின்னமும் வரக்கூடாது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, வேறு ஒரு இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு கூட்டம் போடுங்கள். மற்ற கட்சிக்காரர்களையும் அழையுங்கள். மாமியாரை முன்வரிசையில் உட்காரவைத்து, முதல் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

டீச்சர் என்ன எண் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா