வெயில் காலத்தில் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போவது ஏன்? ஹார்மோனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் திசையன்விளைப் பக்கம் இதைச் 'சூடு பிடிச்சிட்டு' என்பார்கள். வேலையைச் செய்வது வாசோபிரெசின் என்ற ஹார்மோன்.

சித்திரை வெயிலில் பனையேறி இறங்கியவரின் துண்டைப் பிழியலாம். அவ்வளவு வியர்த்தால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி லேசாக ஏறும். ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே தாகம் எடுக்கும். அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரெசின் ரத்தத்தில் இறங்கும்.

சிறுநீரகம் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் சொச்சம். மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே. வாசோபிரெசின் வந்ததும் சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியில் அக்வாபோரின் என்னும் நுண்துளைகள் செல் சவ்வில் வந்து பதியும். மடை திறந்த மாதிரி தண்ணீர் உள்ளே திரும்பும். (அக்வாபோரினைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.) கழிவு அதேதான், கரைக்கத் தண்ணீர் குறைவு. அதனால்தான் மஞ்சள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடப்பதுதான். ஒரு பனையோலைப் பட்டை நிறையப் பதநீர் குடித்தால், அது ரத்தத்தில் முழுதாகச் சேரும் முன்பே தாகம் அடங்கும், வாசோபிரெசினும் குறையத் தொடங்கும். வாயும் தொண்டையும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடும். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். பதநீர்ச் சர்க்கரைக்கு இன்சுலின் வர வேண்டும், அது தனிக்கதை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'இயற்கைதானே' என்று செம்பு செம்பாகக் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உப்பைக் கவனிப்பது அட்ரினல் சுரப்பியின் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். வியர்வைச் சுரப்பியிலும் அது சோடியத்தை மிச்சம் பிடிக்கும். அதனால் ஒன்றிரண்டு வாரம் வெயிலுக்குப் பழகியவர் வியர்வையில் உப்பு குறைவு. சென்னையில் ஏசியில் இருந்துவிட்டு ஊர்க் கோயில் கொடைக்கு வருகிறவர் சட்டையில்தான் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அவருக்கு நீர்மோரில் உப்புப் போட்டே கொடுங்கள்.

அப்புறம், தாகத்துக்கு பீர் குடிப்பவர்களுக்கு ஒன்று: ஆல்கஹால் வாசோபிரெசினை அடக்கிவிடும். அதனால் சிறுநீர் அதிகமாகப் போகலாம். நீர்க்கடுப்போடு காய்ச்சலும் இருந்தால் சூடு என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள், கிருமித் தொற்றாக இருக்கலாம்.