60 ஏக்கர் மனைக்கு 212 எம்.பி. வரைபடம்: கனம் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐயா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருக்கிறேன். 60 ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறோம். ட்ரோன் அளவையில் கிடைத்த சமஉயரக் கோடுகளும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) வேறொரு அலுவலகம் தந்த சாலை வரைபடமும் அதே கோப்பில் உள்ளன. கோப்பு 212 எம்.பி. ஆகிவிட்டது. திறக்க ஆறு நிமிடம் ஆகிறது. ஹேட்ச் போட்டாலோ (பரப்பை வடிவத்தால் நிரப்பினாலோ), பிளாட் கொடுத்தாலோ (அச்சுக்கு அனுப்பினாலோ) மென்பொருள் அப்படியே மூடிக்கொள்கிறது. கணினியில் 8 ஜி.பி. ராம் இருக்கிறது. இன்னொரு 8 ஜி.பி. வாங்கினால் தீருமா?

பதில்: ராம் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். 60 ஏக்கர் என்பது ஏறத்தாழ 2.43 லட்சம் சதுர மீட்டர். மனைகள், சாலை, வடிகால், பூங்கா ஒதுக்கீடு எல்லாவற்றையும் கோடும் எழுத்துமாக வரைந்தால் 10 எம்.பி.யைத் தாண்டுவதே அபூர்வம். மீதி 200 எம்.பி. நீங்கள் வரைந்ததல்ல, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அது இன்னதென்று தெரியாமல் ராம் போடுவது ஓட்டைத் தோணிக்குப் புதுத் துடுப்பு வாங்குகிற கதை.

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இனி செய்வதெல்லாம் நகலில்தான். அதை வழக்கம்போல் திறக்காமல் 'ரெக்கவர்' கட்டளை வழியாகத் திறந்தால், உள்ளே சிதைந்து கிடப்பவற்றை மென்பொருள் சரிசெய்துகொண்டே திறக்கும். பிறகு ஓர் எடைச் சோதனை. மாடல் பகுதியில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடுத்து, 'டபிள்யூபிளாக்' மூலம் புதுக் கோப்பாக எழுதுங்கள். புதுக் கோப்பு 15 எம்.பி.க்கு இறங்கிவிட்டால், கனம் கண்ணுக்குத் தெரியாத குப்பையில் இருக்கிறது. 180 எம்.பி.யிலேயே நின்றால், கனம் கோடுகளில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்று நினைவிருக்கட்டும்: இப்படி எழுதும்போது அச்சுக்காக அமைத்த லேஅவுட் தாள்கள் கூடவே வராது, பழைய கோப்பிலிருந்து பிறகு கொண்டுவர வேண்டும்.

குப்பை என்றால் என் சந்தேகம் அந்தச் சாலை வரைபடத்தின் மேல்தான். மைக்ரோஸ்டேஷன் என்ற வேறொரு வரைபட மென்பொருளில் பிறந்து, அதன் டிஜிஎன் கோப்பு வடிவத்திலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் கோட்டுவகை வரையறைகள் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. அந்தக் கோப்பிலிருந்து ஒரே ஒரு கோட்டை நகலெடுத்து ஒட்டினாலும் முழு மூட்டையும் உங்கள் கோப்புக்குள் வந்து இறங்கிவிடலாம். பயன்படாதவற்றை நீக்கும் சாதாரண 'பர்ஜ்' கட்டளை இதைத் தொடாது. இப்போதைய பதிப்புகளில் 'டிஜிஎன்பர்ஜ்' என்று தனிக் கட்டளையே இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் 'பர்ஜ்' கொடுங்கள். அதன் பிறகு, கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு சேர்த்து '-பர்ஜ்' என்று தட்டி, 'ரெக்ஆப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறு வேறு மென்பொருள்கள் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்கள் அப்போதுதான் போகும். அளவுப் பட்டியலும் நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கலாம். 'ஸ்கேல்லிஸ்ட்எடிட்' திறந்து 'ரீசெட்' கொடுப்பது ஒரு நிமிட வேலை. கடைசியில், பிழைகளைத் தேடித் திருத்தும் 'ஆடிட்'.

இனி கோடுகளின் பக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே உறுத்தியது ட்ரோன் சமஉயரக் கோடுகள்தான். கடலூர்க் கடலோர நிலம் தட்டையானது. 60 ஏக்கருக்குள் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது. அதனால் 10 செ.மீ. இடைவெளியில் கோடு கேட்கத் தோன்றும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ட்ரோன் படமெடுப்பது தரையை மட்டுமா? புல், வரப்பு, சவுக்கு நுனி எல்லாம் அதற்கு உயரம்தான். தரையல்லாத புள்ளிகளை நீக்காமல் கோடு போட்டால் அது தோப்பின் மேலே ஏறி இறங்கி, நண்டு ஓடிய மணல்போல் நெளியும். 600 மீட்டர் நீளக் கோட்டில் 5 செ.மீ.க்கு ஒரு முனை (கோடு திரும்பும் புள்ளி) என்றால் 12,000 முனைகள். மீட்டருக்கு ஒன்று போதும் என்றால் 600. இருபதில் ஒரு பங்கு! அளவை செய்தவரிடமே திருப்பிக் கேளுங்கள்: தரைப் புள்ளிகளை மட்டும் வைத்து, பரப்பை மென்மையாக்கி, கோட்டை எளிமையாக்கித் தரச் சொல்லுங்கள்.

அவரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. கோடுகள் முப்பரிமாண பாலிலைனாக (பல முனைகள் கொண்ட தொடர்கோடாக) வந்திருக்கின்றனவா? அந்த வகையில் ஒவ்வொரு முனையும் கோப்புக்குள் தனிப்பொருளாக உட்கார்ந்துகொள்ளும். சமஉயரக் கோட்டுக்கு எல்லா முனையிலும் ஒரே உயரம்தானே, எதற்கு முப்பரிமாணம்? உயர மதிப்பு கொடுத்த சாதாரண பாலிலைன் போதும்.

மரங்களையும் பாருங்கள். தென்னையை பிளாக்காக, அதாவது ஒரு முறை வரைந்து திரும்பத் திரும்ப வைக்கும் சின்னமாக, 800 இடத்தில் வைத்தால் வரையறை ஒரு முறைதான் சேமிக்கப்படும். யாராவது அவசரத்தில் எல்லாவற்றையும் 'எக்ஸ்ப்ளோட்' செய்திருந்தால் 800 மரத்தின் ஓலைகளும் தனித்தனிக் கோடுகளாகிவிடும். புதுச்சேரியில் நான் பார்த்த ஒரு பூங்கா வரைபடத்தில் பாதி எடை கொன்றை மரங்கள்தான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை 'ஓவர்கில்' எடுத்துவிடும். ஆனால் மனை எல்லை இருக்கும் லேயரில் (வரைபட அடுக்கில்) அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். பக்கத்து மனைகளின் பொது எல்லைக்கோடு காணாமல் போய், மூடிய வடிவம் உடைந்துவிடக்கூடும்.

ஹேட்ச் போடும்போது மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் அளவுப் பிசகுதான் காரணம். மீட்டரில் வரைந்த படத்தில் மில்லிமீட்டர் இடைவெளியில் புல் வடிவத்தை நிரப்பினால் லட்சக்கணக்கான கோடுகள் பிறக்கும். பூங்கா ஒதுக்கீட்டுக்கு வெறும் 'சாலிட்' நிறமே போதும் என்பது என் கருத்து.

தொலைதூர ஆயங்களும் (இடத்தைக் குறிக்கும் எண்களும்) ஹேட்ச்சைப் படுத்தும். யுடிஎம் என்ற உலக ஆய முறையின் 44ஆம் மண்டலத்தில் கடலூரின் கிழக்கு ஆயம் சுமார் 3.6 லட்சம் மீட்டர், வடக்கு ஆயம் சுமார் 13 லட்சம். மீட்டரில் இருக்கும்வரை பெரிய தொல்லையில்லை. மில்லிமீட்டராக்கினால் 36 கோடி, 130 கோடி. எண்ணின் துல்லியம் 15, 16 இலக்கத்தோடு முடிந்துவிடும். அதில் பத்தை முழு எண்ணே விழுங்கிவிட்டால் நுண்கணக்கு தடுமாறும். அதற்காகப் படத்தை இழுத்துச் சுழிப் புள்ளியில் (0,0) வைக்காதீர்கள், அளவை ஆயம் பாழாகும். மீட்டரிலேயே வையுங்கள். ஹேட்ச்சின் தொடக்கப் புள்ளியை மட்டும் மனைக்குள்ளேயே ஒரு மூலையில் குறித்துவிடுங்கள்.

சுத்தம் செய்த பின் கோப்பைப் பிரிக்க வேண்டும். சமஉயரக் கோடு ஒன்று, சாலை ஒன்று, மனை ஒன்று. இவற்றை எக்ஸ்ரெஃப் ஆக (வெளிக் கோப்பாக) இணைக்கும்போது 'அட்டாச்' வேண்டாம், 'ஓவர்லே' கொடுங்கள்; இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சங்கிலி வளரும். பாதையை 'ரிலேட்டிவ்' என்று வையுங்கள், பென் டிரைவில் கோப்புறையோடு எடுத்துப் போனாலும் இணைப்பு அறாது.

பிளாட் கொடுக்கும்போது 'டிரான்ஸ்பரன்ஸி' (ஒளி ஊடுருவல்) குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் தாள் முழுவதும் படப்புள்ளிகளாக மாற்றப்படும்; பெரிய தாளுக்கு நினைவகம் திணறுவது அதனால்தான். அதை நீக்கி, முதலில் பிடிஎஃப் ஆக்கி, அதை அச்சிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அப்போதும் நினைவகம் 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தாராளமாக ராம் வாங்கலாம்.

கடலூரில் புயலும் மின்வெட்டும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தானியங்கிச் சேமிப்பு எந்தக் கோப்புறையில் விழுகிறது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் முறையாக மூடினால் அந்தக் கோப்பு அழிந்துவிடும், திடீரென மூடினால் மட்டும் தங்கும். அதன் பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றினால் திறக்கும். 'ஐசேவ்பெர்சென்ட்' மதிப்பை 0 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் முழுச் சேமிப்பு நடந்து கோப்பு வீங்காது. சேமிக்க ஓரிரு நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

எல்லாம் செய்தும் பிளாட்டில் மூடிக்கொண்டால், பாதி லேயர்களை 'ஃப்ரீஸ்' செய்து (உறைய வைத்து) மறைத்துவிட்டு பிளாட் கொடுங்கள். மூடவில்லையென்றால் கோளாறு உறைந்த பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். 60 லேயர் இருந்தாலும் ஆறு சுற்றில் ஒரே லேயரில் வந்து நிற்கும். அந்த லேயரை மட்டும் தனிக் கோப்பாக்கி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.