மெர்ட்டன் மில்லரின் வரியில்லா உலகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறுவன நிதியியல் பற்றி எழுதும்போது பொருளியலாளர் மெர்ட்டன் மில்லரை மிக உயர்வாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். கடன் வாங்குவதால் மட்டும் ஒரு நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்ற, வரியும் திவாலும் இல்லாத உலகில் மட்டுமே பொருந்தும் அவரது தேற்றத்தை எம்.பி.ஏ. வகுப்பில் இன்னும் நடத்துவது ஏன்?

க.

அன்புள்ள க.,

அந்தத் தேற்றத்தின் தொடக்கமே வகுப்பறைதான். 1950களில் அமெரிக்காவின் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் மில்லரும் ஃபிராங்கோ மோடிகிலியானியும் நிறுவன நிதியியல் நடத்த வேண்டியிருந்தது. பொருளியலாளர்களான இருவருக்கும் அந்தப் பாடம் புதிது. அன்றைய பாடநூல்களில் ஒன்றுக்கொன்று ஒட்டாத கருத்துகளே இருந்ததால், முரணில்லாத ஒரு விளக்கத்தைத் தாங்களே தேடினார்கள். 1958ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படித்தான் வந்தது.

வாதத்தைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரு நிறுவனங்கள் ஆண்டுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஈட்டுகின்றன. கடனே இல்லாத முதல் நிறுவனத்தின் பங்குகள் மொத்தம் 1 கோடி பெறும். இரண்டாவதற்கு 5 சதவீத வட்டியில் 40 லட்சம் கடன் இருக்கிறது. அதன் பங்குகள் 70 லட்சத்துக்கு விலைபோகின்றன. கடனையும் சேர்த்தால் அதன் மதிப்பு 1 கோடியே 10 லட்சம். அதில் பத்திலொரு பங்கு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வருகிறது. அவர் அதை 7 லட்சத்துக்கு விற்று, அதே வட்டியில் 4 லட்சம் கடன் வாங்கி, முதல் நிறுவனத்தின் பத்திலொரு பங்கை 10 லட்சத்துக்கு வாங்கினால், வட்டி போக அதே 80,000 வரும். கையில் 1 லட்சம் மிஞ்சும். பலரும் இதைச் செய்யத் தொடங்கினால் அந்த 10 லட்ச வித்தியாசம் நிலைக்காது.

கடனால் மட்டும் நிறுவனத்தின் மதிப்பு கூடாது என்றால், நிஜத்தில் கூடுவதற்கான காரணம், வரி, திவால் என்று தேற்றம் விலக்கிவைத்தவற்றுள்தான் இருக்க வேண்டும். 1963இல் அவர்களே நிறுவன வரியைச் சரியாகக் கணக்கில் சேர்த்து, வட்டிக்குக் கிடைக்கும் வரிச்சலுகையால் கடன் லாபம் தரும் என்று திருத்தி எழுதினார்கள். 1977இல் மில்லர், முதலீட்டாளர் வட்டி வருமானத்துக்குக் கட்டும் வரியையும் சேர்த்தால் அந்த லாபமும் கரையக்கூடும் என்று வாதிட்டார். தன் முடிவை இருபது ஆண்டுகள் இப்படி விடாமல் சோதித்ததற்காகவே நான் அவரை மதிக்கிறேன்; 1990இல் வந்த நோபல் பரிசு அதற்குப் பிறகுதான். 1961இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், 1993இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். நிதியியல் அறிஞர் யூஜின் ஃபாமா அவரிடம் பயின்றவர்.

உங்கள் பாடத்திட்டத்தில் பின்னால் வரும் வரிச்சலுகை, திவால் செலவு, நிர்வாகிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் இடையிலான நலன் முரண் ஆகிய ஒவ்வொன்றும் 1958இன் அனுமானங்களுள் ஒன்றை நீக்கிப் பார்ப்பதே. எதை நீக்குகிறோம் என்று மாணவருக்குத் தெரிய வேண்டுமானால், அந்த வரியில்லா உலகைத்தான் முதலில் நடத்தியாக வேண்டும்.