மூளை மாதிரி சிப்பில் அணிப் பெருக்கல்: பணம் கட்டலாமா?

கேள்வி: எம்.இ. கடைசி ஆண்டு படிக்கிறேன். 1,024-க்கு 1,024 அளவுள்ள இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்), மூளை மாதிரி வேலை செய்யும் நியூரோமார்ஃபிக் சிப்பில் பெருக்குவது என் புராஜெக்ட். இன்டெல்லின் லோய்ஹி 2 சிப்பிலேயே ஓட்டித் தருகிறோம், ஜிபியு என்ற கிராஃபிக்ஸ் சிப்பைவிட 100 மடங்கு வேகம் என்று ஒரு புராஜெக்ட் சென்டர் 35,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். லோய்ஹி கடையில் விற்கிற சிப் அல்ல. இன்டெல்லின் ஆராய்ச்சிக் கூட்டமைப்பில் சேர்ந்த குழுக்களுக்குத்தான் கிடைக்கும். சென்டர்காரர்கள் செய்வது என்ன தெரியுமா? இந்த வகைச் சிப்புக்கு நிரல் எழுதுவதற்கென இலவசமாகக் கிடைக்கும் லாவா மென்பொருளை லேப்டாப்பில் ஓட்டி, வருகிற வரைபடத்தின் மேல் லோய்ஹி என்று எழுதிவிடுவார்கள். மதிப்பீட்டுக்கு என்னிடம் வந்த ஓர் ஆய்வேட்டில் சிப்பின் மின்செலவு என்று முழு அட்டவணையே இருந்தது. பின்னிணைப்பில் இருந்த நிரலைப் பார்த்தால், நிரல் எதில் ஓட வேண்டும் என்று சொல்லும் ரன் கான்ஃபிக் பெயரில் 'சிம்' என்று இருக்கிறது. அதாவது சிமுலேஷன். 'ஹெச்டபிள்யூ', அதாவது ஹார்டுவேர், என்று இருந்தால்தான் அது சிப். அந்த மாணவர் பணம் கொடுத்து ஏமாந்திருந்தார்.

இனி, அந்த 100 மடங்கு. உங்கள் இரண்டு அணிகளிலும் எல்லா இடத்திலும் எண்கள் நிரம்பியிருந்தால் ஜிபியுவே போதும், கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். மூளை மாதிரி சிப்பின் பலமே வேறு. ஓர் அணி நினைவகத்திலேயே அசையாமல் இருக்க வேண்டும், உள்ளே வருகிற எண்களில் பெரும்பாலானவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

மூளை மாதிரி சிப்பில் இன்னொரு வகை மெம்ரிஸ்டர் வலை: எண்ணைத் தன் கடத்துதிறனாகவே நினைவில் வைக்கும் செல்களை வரிசையும் நெடுவரிசையுமாகக் கோத்தது. அதில் கணக்கே வேறு விதம். ஒரு நெடுவரிசையில் 50, 30 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறனுள்ள இரண்டு செல்கள். அவற்றுக்கு 0.2, 0.1 வோல்ட் கொடுத்தால் 10-ம் 3-மாக, கீழே 13 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் வரும். ஓமின் விதி பெருக்கிவிட்டது, கிர்க்காஃப் விதி கூட்டிவிட்டது. ஆனால் அந்த 13 மைக்ரோஆம்பியரை டிஜிட்டல் எண்ணாக மாற்ற ஏடிசி என்ற மாற்றிச் சுற்று வேண்டும். மின்சாரத்தில் பெரும்பங்கை அதுதான் தின்னும். விளம்பரத் தாளில் 'வாட்டுக்கு இத்தனை கணக்கு' என்று பார்த்தால், ஏடிசியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 2025-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் லோய்ஹி 2-இல் ஃபைனைட் எலிமென்ட் சமன்பாடுகளை, அதாவது ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையில் வருபவற்றை, தீர்த்துக் காட்டினார்கள். ஒரு தகட்டை முக்கோண வலையாகப் பிரித்தால், ஒவ்வொரு கணுவும் பக்கத்தில் இருக்கும் சில கணுக்களைத்தான் தொடும். அதனால் பெரிய அணியாக இருந்தாலும் ஒரு வரிசையில் பூஜ்ஜியம் அல்லாத எண்கள் ஒரு கைப்பிடிதான். சிப்பில் கணுவுக்கு ஒரு சிறு நியூரான் (செயற்கை நரம்பணு) கூட்டம், அந்தக் கைப்பிடி எண்களுக்கு மட்டும் இணைப்பு. நியூரான்கள் ஒன்றுக்கொன்று சிறு துடிப்புகளை அனுப்பி அனுப்பி விடையில் வந்து நிற்கும். இங்கே அணி மாறுவதில்லை, நிரம்பியும் இல்லை, அதனால்தான் பொருந்துகிறது. இதுவும் சமன்பாடு தீர்ப்பதுதான், நீங்கள் கேட்கிற இரண்டு அணிப் பெருக்கல் அல்ல.

தலைப்பில் புதுச்சொல் இருந்தால்தான் ஒப்புதல், சிப் மட்டும் தர மாட்டோம் என்கிற கல்லூரிகள்தான் இந்தச் சென்டர்களுக்குச் சோறு போடுகின்றன. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. மாணவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: கைடிடம் பேசி, 'மாறாத, பூஜ்ஜியம் மிகுந்த அணியை வெக்டரால் (ஒரே வரிசை எண்களால்) பெருக்குதல்' என்று தலைப்பைக் குறுக்குங்கள். லாவாவில் நீங்களே ஓட்டி, எத்தனை துடிப்புகள் போயின என்று எண்ணுங்கள். அதையே பூஜ்ஜியங்களைத் தள்ளிவிட்டுச் செய்யும் சிபியு கணக்கோடு ஒப்பிடுங்கள். முதல் பக்கத்திலேயே சிமுலேஷன் என்று எழுதிவிடுங்கள்.