வலியும் கடுப்பும்

வணக்கம்.
மாமியார் சாயங்காலமானால் "காலு கடுக்குது" என்கிறார். கோடை வந்தால் நீர்க்கடுப்பு. காலேஜ் போகும் மகனோ எதற்கெடுத்தாலும் "கடுப்பாகுது" என்கிறான். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் நான் "வலி" என்றே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றுதானே?
ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றில்லை. கல் தடுக்கினால் கால் வலிக்கும், கடுக்காது. ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்தால் கடுக்கும். விட்டுவிட்டுக் குத்தாமல், பிடித்த பிடியில் நின்று காந்துவது கடுப்பு. தேள் கொட்டிய இடமும் அப்படித்தான். எலும்புக்குள் துளைக்கிற மாதிரி இருந்தால் அது குடைச்சல். 2006-ல் சிக்குன்குனியாவில் படுத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மகன் சொல்வதிலும் தப்பில்லை. முகம் கடுகடுத்தது என்று நாமும் சொல்கிறோமே.

வயிற்றுக்கடுப்பிலும் நீர்க்கடுப்பிலும் வலியோடு முட்டலும் சேர்ந்துகொள்ளும். வருகிற மாதிரியே இருக்கும். போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சீதம், அல்லது எரிச்சலோடு நாலு சொட்டு. எழுந்து வந்ததும் மறுபடி முட்டும். இதை "வயிற்று வலி" என்று நீங்கள் மாற்றிச் சொன்னால் டாக்டருக்குப் பாதி விஷயம் போய்ச் சேராது. தயவுசெய்து மாமியாரையே பேச விடுங்கள்.

நீர்க்கடுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலூர் வெயிலில் இது வந்தால் "சூடு பிடிச்சிருக்கு" என்று கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவி, மோர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். தண்ணீர் குறைந்ததால் வந்த கடுப்பு மோரிலும் இளநீரிலும் அடங்கிவிடும். கிருமித் தொற்றிலும் இதே கடுப்புதான் வரும், அது மோரில் அடங்காது. குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, சிறுநீரில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைச் சூடு என்று விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிச் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சர்க்கரை உள்ளவர்களும் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களில், பாத்ரூம் போக வேண்டிவருமே என்று ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீரைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். அடிக்கடி கடுத்தாலும் "எனக்குச் சூட்டு உடம்பு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை. அது உடம்பு வாகு இல்லை, தண்ணீர் குடிக்க முடியாத வேலை.

மாமியாருக்கு ஒவ்வொரு கோடையிலும் வருகிறது என்றால், இந்த முறை சிறுநீரோடு சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.