காசிமிரின் காதலும் காலிஷ் சாசனமும்

கேள்வி: ஐரோப்பாவே யூதர்களை விரட்டியடித்த காலத்தில் போலந்து மன்னர் காசிமிர் மட்டும் அவர்களை அரவணைத்தார், எஸ்தர் என்ற யூதப் பெண்மீது கொண்ட காதல்தான் காரணம் என்று யூடியூபில் பார்த்தேன். காதலால் மலர்ந்த மத நல்லிணக்கம் அல்லவா இது?

பதில்: காதலுக்குக் கண் இல்லை என்பார்கள், காலண்டருமா இருக்காது? இந்த மூன்றாம் காசிமிர் அரியணை ஏறியது 1333இல். யூதர்களின் உரிமைச் சாசனத்தை அவர் உறுதிசெய்தது அடுத்த ஆண்டே. அந்தச் சாசனமும் அவர் எழுதியதல்ல. 1264இல் போலந்தின் காலிஷ் நகரில் போலெஸ்வாவ் என்ற சிற்றரசர் வழங்கியது. அவருக்கு முன்மாதிரி, ஆஸ்திரியாவின் சிற்றரசர் 1244இல் போட்ட சட்டம்.

எஸ்தர் கதையை எழுதிவைத்தவர் யான் துவுகோஷ் என்ற பாதிரியார். காசிமிர் இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அதுவும் பாராட்டுவதற்காக அல்ல. யூதர்களுக்குக் கிடைத்த சலுகைகள் அந்தப் பாதிரியாருக்குப் பிடிக்காது. ராஜா ஒரு பெண்ணிடம் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால் சாசனத்தின் மதிப்பே போய்விடும் இல்லையா? அவர் குற்றம் சொல்ல எழுதியது உங்கள் யூடியூபில் காவியக் காதலாகிவிட்டது.

சரி, உண்மைக் காரணம்? காசு. 1241இல் மங்கோலியப் படை சூறையாடிப் போன நாடு அது. வணிகம் வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும். காலிஷ் சாசனத்தில் கணிசமான பகுதி வட்டி, அடகு பற்றியதுதான். யூதர்கள் அரசரின் கருவூலச் சொத்து மாதிரி. யூதரை அடித்தால் அடிபட்டவருக்கு நஷ்டஈடு, அரசருக்குத் தனியாக அபராதம்!

கருவூலக் கணக்கில் கிடைத்த பாதுகாப்பு, அரசருக்கு வேறு நெருக்கடி வந்தால் நிற்குமா? பின்னாளில் வந்த இன்னொரு மன்னர், நான்காம் காசிமிர், 1453இல் சாசனத்தை உறுதிசெய்தார். மறு ஆண்டு டியூட்டானிக் வீரர்களோடு (ஜெர்மானியத் துறவிப் படையினர்) போர். பிரபுக்களின் தயவு வேண்டியிருந்தது, திருச்சபையும் நெருக்கியது. சலுகைகளை ரத்து செய்துவிட்டார். 1495இல் அவர் மகன் கிராக்கோவின் யூதர்களை ஊரைவிட்டுக் கிளப்பி, பக்கத்து காசிமியெஷ் ஊருக்கு அனுப்பினார்.

அதற்காகச் சாசனத்தை வெறும் வட்டிக்கடைப் பத்திரம் என்று ஒதுக்கவும் மாட்டேன். ஜெபக்கூடத்தின்மீது கல்லெறிந்தால் அபராதம் இரண்டு ராத்தல் மிளகு (நம் பக்கத்து மலபாரிலிருந்து கடல் தாண்டிப் போன அந்த மிளகு அங்கே பொன்னுக்குச் சமம்). நள்ளிரவில் ஒரு யூதர் உதவி கேட்டு அலறியும் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் வராவிட்டால் அவர்களும் தண்டம் கட்ட வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளையைக் கொன்று ரத்தம் எடுத்தார்கள் என்று யூதர்மேல் பழி சொன்னால் மூன்று கிறிஸ்தவர்களும் மூன்று யூதர்களும் சாட்சி சொல்ல வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் யூதருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தண்டனை பழி சொன்னவருக்கே. அதே வதந்திக்காக மேற்கே ஊர் ஊராக யூதர்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1290இல் இங்கிலாந்தும் 1306இல் பிரான்சும் அவர்களை மொத்தமாகவே வெளியேற்றின. கிழக்கே போலந்துக்கு மூட்டை கட்டியவர்கள், அங்கே அரசருக்குக் காதலி இருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டு போகவில்லை.